அப்பால் 21, இப்பால் 18!

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியில் தமிழகம் முடிகிறது. அத்திப்பள்ளியில் கருநாடகம் தொடங்குகிறது. இடையே மலையில்லை, ஆறில்லை. ஆலைத் தொழிலாளியும் கல்லூரி மாணவனும் கடந்து செல்லும் நெடுஞ்சாலைதான் உண்டு. எல்லைக்கு அப்பால், 21 வயது நிரம்பாதவனுக்குச் சிகரெட் விற்பது குற்றம். 2024இல் கருநாடக சட்டமன்றம் நிறைவேற்றி, 2025இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம் அது. எல்லைக்கு இப்பாலோ, மத்திய அரசின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 நிரம்பினால் போதும்!

மூன்றாண்டு வேற்றுமைதானே என்பீர்கள். அந்த மூன்றாண்டில் நிற்பவர் யார்? 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 150 இடங்கள். அங்கே வருவோரும், செவிலியமும் மருந்தியலும் பயில வருவோரும், பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வரும் இளைஞர்களே. வீட்டின் காவல் நீங்கி விடுதியில் நுழையும் அந்நாளில்தான் சட்டமும் தன் காவலை நீக்கிக்கொள்கிறது! தேர்வின் அச்சம் ஒருபுறம், இரவுப் பணியின் அயர்வு மறுபுறம்; இரண்டுக்கும் மருந்து இதுவே என்று அழைக்கிறது வாயிலருகே உள்ள பெட்டிக்கடை.

நுரையீரலை அறுத்துப் பார்த்துப் படிப்பவனுக்கு நஞ்சு எதுவெனத் தெரியாதா என்று கேட்பர் சிலர். தெரியும்! தெரிந்தவனையும் பற்றுவதற்குப் பெயர்தானே பழக்கம்? மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல் பயிலும் மாணவரிடையே உலக சுகாதார நிறுவனம் 2005 முதல் பல நாடுகளில் நடத்திய ஆய்வு இரண்டு உண்மைகளைக் காட்டிற்று: அவர்களிலும் புகைப்போர் உண்டு, நோயாளியைப் புகையிலிருந்து மீட்கும் முறையோ பெரும்பாலோர்க்குக் கற்பிக்கப்படவில்லை.

1951இல் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனின் மருத்துவர்களையே ஆய்வுக்கு அழைத்தனர். 50 ஆண்டு தொடர்ந்த அவ்வாய்வின் தீர்ப்பு 2004இல் வெளிவந்தது: புகைத்த மருத்துவர் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக மாண்டார், 30 வயதில் விட்டொழித்தவரோ அந்த இழப்பை ஏறத்தாழ முழுதும் தவிர்த்தார். நம் மாணவர்க்கு அந்த 30 இன்னும் வரவில்லை!

இழப்பு மாணவனோடு நிற்பதன்று. ஓசூர் ஆலையில் உழைத்து, இருமிக்கொண்டு வருகிறான் ஏழைத் தொழிலாளி. 'பீடியை விடு' என்று சொல்ல வேண்டிய மருத்துவரின் மூச்சிலேயே புகை மணத்தால், அந்தச் சொல்லுக்கு மதிப்பேது? வலிமையேது?

எனவே கேட்கிறோம்: கருநாடகத்தால் இயன்றது தமிழகத்தால் இயலாதா? வயது வரம்பு இங்கும் 21 ஆகட்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்னும் விதி ஏட்டை விட்டுத் தெருவுக்கு வரட்டும். பழக்கத்திலிருந்து மீட்கும் முறை பாடமாகட்டும். அதன் முதற்பயன் மாணவனுக்கே கிட்டட்டும். பயிற்சிப் பணிக்கு நேர வரம்பும், ஓய்வும், ஆறுதல் கூற ஆளும் கிடைக்கட்டும். தண்டனை வேண்டாம், துணை வேண்டும்.

நாட்டின் நோய் தீர்க்கப் பயில்வோரை நோய்க்கு இரையாக்குவது நல்லாட்சிக்கு அழகாகாது. எல்லைக்கோடு ஆட்சிகளைப் பிரிக்கலாம். நம் பிள்ளைகளின் ஆயுளைப் பிரிக்க விடலாமா?