இடம் மாறிய டாஷ்போர்ட், மூடிய கதவு

முகநூலில் எந்தப் பதிவு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை அறிய ஊடகவியலாளர்கள் நம்பியிருந்த கருவி கிரௌட்டாங்கிள். 2016 இல் அதை வாங்கிய முகநூல் நிறுவனம், மெட்டா எனப் பெயர் மாறிய பின், 2024 ஓகஸ்ட் 14 இல் அதை மூடியது. பதிலுக்கு மெட்டா கொன்டென்ட் லைப்ரரி என்ற தளத்தைக் காட்டியது. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது 38 நாட்களே இருந்தன.

இதை வெறும் மென்பொருள் மாற்றமாக நான் பார்க்கவில்லை. பழைய கருவியின் சில நேரடி டாஷ்போர்ட்களை எவரும் பார்க்க முடிந்தது. புதிய தளத்துக்கோ விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அதுவும் பல்கலைக்கழகங்களையும் இலாப நோக்கற்ற நிறுவனங்களையும் சேர்ந்த ஆய்வாளர்களுக்கே. இலாப நோக்கில் இயங்கும் ஊடகங்களுக்கும், எந்த நிறுவனத்தையும் சாராத என்னைப் போன்றவர்களுக்கும் இடமில்லை.

இதன் விலை நமக்குத் தெரியும். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது முகநூலில் வெறுப்புப் பதிவுகள் பரவின. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான். வதந்தி ஓர் ஊரை எரிக்க ஓர் இரவு போதும். அதை நேரத்தோடு காணும் கண்கள் உள்ளூரில் இருக்க வேண்டும்.

வடக்கு கிழக்கின் பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் இப்போதே விண்ணப்பித்து, உள்ளூர் ஊடகவியலாளர்களோடு சேர்ந்து இயங்குவதே நமக்குள்ள வழி. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் காலம் போதாது.