மானுக்கு எந்தத் துப்பாக்கி?

குழல் வாயில் மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் துப்பாக்கியில் பழையதும் உண்டு, புதியதும் உண்டு. பழையது சிக்கிமுக்கிக் கல் பொறியால் வெடிக்கும். மழையில் மருந்து நமத்துவிடும். புதியது அவ்வளவாக ஏமாற்றாது.

மான் வேட்டைக்கு எது நல்லது? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இப்படிக் கேட்கலாம். அங்கே 1974 முதல் கல் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைக்காலம் உண்டு.

நமக்கு இரண்டும் வேண்டாம்! 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அதுவே நியாயம். கிண்டி தேசியப் பூங்கா 3 சதுர கிலோ மீட்டர்கூட இல்லை. அங்கே ஒரு குண்டும் அதிகம்!

துப்பாக்கி ஓய்ந்தால் போதுமா? கிண்டியிலும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டிலும் புள்ளிமான்கள் வாழ்கின்றன. வேலி தாண்டினால் நாய் துரத்தும்; வண்டி மோதும். பிளாஸ்டிக் பையைத் தின்றாலும் உயிர் போகும். குண்டுக்குத் தப்பிய மானை நம் குப்பை கொல்லலாமா?