மை போட்டுப் பார்த்த மெக்கானிக்

எங்கள் பாட்டி காலத்தில் வீட்டில் வெள்ளிக் கூஜா காணாமற்போனால் போலீஸுக்குச் சொல்லமாட்டார்கள். மை போட்டுப் பார்ப்பவரை அழைத்து வருவார்கள். அவர் ஒரு வெற்றிலையில் கன்னங்கரேலென்று மையைத் தடவி, அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "தெற்கே போயிருக்கிறது, குட்டையான ஆள் எடுத்திருக்கிறான்" என்பார். தெற்கே குட்டையான ஆள் ஒருவன்கூடவா இல்லாமற் போவான்? கூஜா திரும்பி வராது. தெருவில் சண்டை மட்டும் வந்து சேரும்.

இந்தக் காலத்தில் மையை நம்புகிறவர்கள் யார் என்று நானும் இறுமாந்திருந்தேன், மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போகிற வரையில்.

ஜூன் பிறந்துவிட்டது. மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம் என்பது டெல்டாக்காரர்களுக்குப் பொங்கல், தீபாவளி மாதிரி மனப்பாடம். தண்ணீர் வந்தால் குறுவை. குறுவை என்றால் சேற்றுழவு. சேற்றுழவு என்றால் சித்தப்பாவின் டிராக்டர். மூன்று சிலிண்டர் வண்டி. சொந்த நிலம் ஐந்து ஏக்கர்தான். மற்ற நாளெல்லாம் அக்கம்பக்கத்தாரின் வயல்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓடுகிறது. பாங்குக் கடனில் இன்னும் நாலு தவணை பாக்கி. அதை அடைக்கப்போவதும் அந்த வண்டிதான்.

சித்தப்பாவுக்கு டிராக்டரின் மேல் அபார பிரியம். வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவிச் சந்தனம் வைப்பார். ஆனால் வண்டியின் கணக்கு சித்தியிடம் இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு, காஸ் வந்த தேதி, இவற்றுக்கு நடுவே 'ஆயில் 1,862' என்று ஒரு குறிப்பு. டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் கணக்கு. அதைக் காட்டுகிற மீட்டரில் அன்றைக்கு 2,297 ஓடியிருந்தது.

"என்னங்க, ஆயில் மாத்தி 435 மணி ஆயிடுச்சு. 250-லே மாத்தணும்னு புஸ்தகத்திலே போட்டிருக்கு."

"எண்ணெய் கொஞ்சங்கூடக் குறையலையே! குறைஞ்சாத்தானே மாத்தணும்?"

"அப்போ சட்டை கிழிஞ்சாத்தான் துவைப்பீங்களா?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. மெக்கானிக்குக்கு டெலிபோன் செய்தார்.

250 மணி என்றால் என்னமோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் அத்தனை நேரத்தில் 10,000 கிலோமீட்டர் போயிருக்கும். உழவுக் காலத்தில் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிற டிராக்டர் அதை இருபத்தைந்தே நாளில் முடித்துவிடும். வண்டிக்கு வண்டி இந்தக் கணக்கு மாறும். கையேட்டில் போட்டிருப்பதுதான் வேதவாக்கு.

மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்ததும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தார். "ஆறின பிறகு இறக்கலாமே, கை சுடுமே" என்றார் சித்தப்பா.

"கொதிக்கக் கொதிக்க இறக்கினாத்தாண்ணே கை வேகும். இது வெதுவெதுப்பு. ரசத்தைக் கலக்கிவிட்டு ஊத்தினா மண்டியும் சேர்ந்து வரும். தெளிஞ்ச பிறகு ஊத்தினா தெளிவுதான் வரும். மண்டி அடியிலேயே நின்னுடும். நமக்கு மண்டிதானே வெளியே வரணும்?"

சமையலறைப் பக்கம் நின்ற சித்தி, "இப்படிச் சொன்னா யாருக்கும் புரியும்" என்றாள்.

அடுத்தபடி அவர் கேட்டது ஸ்பானர் அல்ல. "அண்ணி, பழைய வெள்ளை எனாமல் பேசின் இருக்குமா?" என்றார். பேசின் வந்தது. ஆயில் சேம்பருக்கு அடியில் இருந்த போல்ட்டைத் திருகி எடுத்தார். குபுகுபுவென்று எண்ணெய் இறங்கியது. அது எண்ணெயா, தாரா? ஆறேழு லிட்டர், அமாவாசை இருட்டு மாதிரி. "ஐயையோ, இவ்வளவு கறுப்பா!" என்றேன்.

"கறுப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க தம்பி. டீசல் வண்டியிலே ஆயில் கறுத்தாத்தான் அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் கேட்டர்பில்லர் கம்பெனி 1931-ல் டீசல் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்தக் காலத்து எண்ணெய் வெறும் எண்ணெய். டீசல் எரிந்து உண்டான கரி பிசினாகி, பிஸ்டன் ரிங்குகளைப் பள்ளத்திலேயே ஒட்டவைத்துவிட்டது. பிறகு ரசாயனக்காரர்கள் சவுக்காரம் போன்ற ஒரு சரக்கை எண்ணெயில் கலந்தார்கள். அது கரியை ஓரிடத்தில் படியவிடாமல், பொடிப்பொடியாக எண்ணெயிலேயே மிதக்கவைத்தது. எஞ்சின் சுத்தமாயிற்று, எண்ணெய் கறுத்தது. துணியின் அழுக்கு தண்ணீருக்கு வருவதுபோலத்தான். அந்தச் சரக்கு தீர்ந்து போனால் அழுக்கு மறுபடியும் எஞ்சினிலேயே படியும். டீசல் எரிவதால் உண்டாகும் அமிலமும் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். அளவு குறையாவிட்டாலும் எண்ணெயை மாற்றவேண்டும் என்பது இதனால்தான். சித்தி சொன்ன சட்டைக் கதை நூற்றுக்கு நூறு சரி.

கறுப்புக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது என்று நான் எழுந்திருக்கப் போனேன். மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. கழற்றிய போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது மாவு. எல்லா வண்டியிலேயும் தேய்மானம் உண்டு. நெருடினாத்தான் வம்பு" என்றார்.

பிறகு செல்போன் விளக்கைப் போட்டு, பேசினை ஒருபக்கமாகச் சாய்த்தார். கறுப்பு ஒதுங்கிய இடத்தில், வெள்ளை எனாமலின் மேல், ஏதோ மினுக்கிற்று. ஜிகினாத் தூள் மாதிரி, செம்பு நிறத்தில்.

அவர் முகத்தைப் பார்த்தேன். மை போட்டுப் பார்ப்பவர் திடீரென்று பேச்சை நிறுத்துவாரே, அந்த மாதிரி இருந்தது.

காந்தத்தை அதன் மேல் கொண்டுபோனார். தூள் அசையவில்லை. பழைய பில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை எடுத்துப் பிழிந்து, பழைய பேப்பரின் மேல் விரித்தார். அந்த மடிப்புகளிலும் செம்பு மினுக்கம்.

"காந்தத்திலே ஒட்டினா இரும்பு. ரிங்கு, லைனர் பக்கம் போய்ப் பார்க்கணும். ஒட்டாம வெள்ளையா மினுக்கினா பிஸ்டன் அலுமினியமா இருக்கலாம். ஒட்டாம செம்பா இருந்தா, கிராங்க் பேரிங்தான் முதல் சந்தேகம் அண்ணே. பேரிங் மேலே மெத்துன்னு ஒரு பூச்சு. அதுக்குக் கீழே செம்பு. செம்பு வந்துடுச்சுன்னா, மேல்பூச்சு போயிடுச்சுன்னு அர்த்தம்."

"பில்டர்தான் இருக்கே, அது எதுக்கு?" என்று சித்தப்பா கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பில்டர் அடைச்சுக்கிட்டா எஞ்சின் எண்ணெய் இல்லாம பட்டினி கிடக்கக்கூடாதுன்னு ஒரு சின்ன வால்வு வெச்சிருக்கான். அது திறந்துக்கும். வடிகட்டாத எண்ணெயே நேரா உள்ளே போகும். 435 மணி ஓடின பில்டர் அடைக்காம என்ன செய்யும்?"

"இப்போ ஓட்டினா ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். எத்தனை நாளுன்னு மட்டும் என்னைக் கேட்காதீங்க. பேரிங் சுத்தமாப் போயிட்டா கிராங்க்கைப் பிடிச்சுக்கும். இன்னிக்குப் பேரிங் செலவு. அன்னிக்குக் கிராங்க் செலவு. சமயத்திலே கனெக்டிங் ராடு உடைஞ்சு, பிளாக்கையே ஓட்டை போட்டுடும்."

சித்தப்பா களத்து மேட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏழு பேரிடம் அச்சாரம் வாங்கியிருந்தார். தண்ணீர் வருகிற நாளில் வண்டி இல்லை என்று சொன்னால் வேறு வண்டிக்குப் போவார்கள். அடுத்த போகத்துக்கும் அங்கேயே போவார்கள். சொல்லாமல் ஓட்டி, நடு வயலில் வண்டி நின்றுபோனால், நாற்றை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்? அவர் மனசில் ஓடிய கணக்கு இதுதான் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

கால் மணி நேரம் கழித்து வந்தார். "பிரிச்சுடு" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போய், "நாலு நாள் தாமதம், வேண்டாம்னா அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கலாம்" என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். இரண்டு பேர் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

வண்டிக்கு முட்டுக் கொடுத்து, ஆயில் சேம்பரை இறக்கினார்கள். கனமான வார்ப்பிரும்பு, இரண்டு ஆள் வேலை. பேரிங்கைக் கழற்றிக் காட்டினார் மெக்கானிக். சாம்பல் நிறத்துக்கு நடுவே செம்பு, பழைய பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போன இடம் மாதிரி பல்லிளித்தது. கிராங்க்கை மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். அளவு சரியாக இருந்தது, கீறலும் இல்லை. "தப்பிச்சீங்க அண்ணே. பேரிங்கோட போச்சு" என்றார். சித்தி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

டிராக்டர் வைத்திருக்கும் நேயர்களுக்காக, அவர் சொன்ன மற்ற லட்சணங்களையும் குறித்துக்கொண்டேன். இறங்குகிற எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; கேஸ்கட்டையோ லைனர் ரப்பரையோ பார்க்கவேண்டும். எண்ணெய் நீர்த்துப்போய், டீசல் வாடை அடித்து, டிப் ஸ்டிக்கில் அளவும் ஏறியிருந்தால் டீசல் கலக்கிறது; நாசிலும் பம்பும் விசாரணைக்கு உரியவை. எண்ணெய் தானாக ஏறுவது அதிர்ஷ்டம் அல்ல. மணல் போல நெருடினால், காற்று பில்டர் வழியாகத் தூசி உள்ளே போகிறதா என்று பார்க்கவேண்டும்.

புது எண்ணெய் ஊற்றுவதிலும் முறை இருக்கிறது. போல்ட்டுக்குப் புது வாஷர். பில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவி, கையாலேயே முறுக்கவேண்டும். புஸ்தகத்தில் சொன்ன கிரேடு எண்ணெயை டிப் ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்குள் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் ஆயில் விளக்கு அணைகிற வரையில் காத்திருக்கவேண்டும். பிறகு அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றவேண்டும்.

பழைய எண்ணெயைச் சித்தி வாசற்கதவுக்குக் கறையான் மருந்தாகக் கேட்டாள். சித்தப்பா, வாய்க்கால் ஓரம் கொட்டினால் புல் முளைக்காது என்றார். மெக்கானிக் இருவருக்கும் தரவில்லை. 2016-ம் வருஷத்து விதிகளின்படி அது அபாயக் கழிவு. தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய்கூட வரலாம். வாய்க்காலில் கலந்தால் தண்ணீர் பாழ். அவர் பட்டறையில் ஒரு டிரம் வைத்திருக்கிறார். அது நிறைந்ததும், எண்ணெயைச் சுத்திகரிக்க உரிமம் பெற்றவர்கள் எடுத்துப் போகிறார்களாம்.

ஐந்தாம் நாள் காலையில் டிராக்டர் வயலில் இறங்கிற்று. காலண்டரில் புது எண்ணைச் சித்தி எழுதினாள். பக்கத்திலேயே சித்தப்பா பெயருக்கும் ஒரு குறிப்பு இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். 'சர்க்கரை டெஸ்ட்' என்று எழுதி, ஒரு தேதி. கணக்குப் போட்டேன். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"என்ன சித்தப்பா இது?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையேடா! நல்லாத்தானே ஓடுது?" என்றார் சித்தப்பா.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், அந்த வெள்ளை எனாமல் பேசினை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

மறுநாள் காலை, வெறும் வயிற்றோடு, மன்னார்குடிக்கு முதல் பஸ்ஸில் சித்தப்பாவோடு நானும் போனேன்.