பள்ளிச் சர்வரில் கண்காணிக்கத் தக்கவை எவை?

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் பல உள்ளன. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே வழங்குகிறது. 2001 ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கி, 2017 ஆம் ஆண்டில் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, லினக்ஸ் இயக்க முறையைப் பள்ளிகளுக்கேற்பத் திருத்தி வழங்கி வருகிறது. இவ்வாறான ஒரு கணிப்பொறி, சர்வராக நின்று பிறவற்றிற்குக் கோப்புகளை வழங்குமாயின், அதன் உள்ளமைப்புகளில் எவற்றைக் கண்காணிப்பது என்னும் கேள்வி எழுகிறது.

இயக்க முறையின் உட்கருவாகிய கெர்னல், நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை ஆள்கிறது. அது நடந்துகொள்ள வேண்டிய விதத்தை வரையறுக்கும் அமைப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இவ்வமைப்புகள் வேறு, கணிப்பொறியின் அன்றாட நிலை வேறு. முல்லைப் பெரியாற்று அணையைக் கொண்டு இதனை விளக்கலாம். அணையின் நீர்மட்டம் மழைக்கேற்ப மாறும். நீர் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்னும் வரம்போ ஆணையால் மட்டுமே மாறும். 1979 ஆம் ஆண்டு முதல் 136 அடியாக இருந்த அவ்வரம்பு, உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் 142 அடியாயிற்று. நினைவகம் எவ்வளவு நிறைந்துள்ளது என்பது நீர்மட்டத்தைப் போன்றது. கெர்னல் அமைப்பு வரம்பைப் போன்றது. நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்துவிட்டு, வரம்பு மாறியதை அறியாதிருப்பவரின் குறிப்பேட்டால் பயன் இல்லை.

எல்லா அமைப்புகளையும் கண்காணித்தால் என்ன என்று சிலர் கேட்பர். அது எளிது போலத் தோன்றினும் பயன் தராது. கெர்னல் காட்டும் பட்டியலில் அமைப்பல்லாத எண்களும் கலந்துள்ளன. திறந்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கை அவற்றுள் ஒன்று. படிக்குந்தோறும் புதிதாகப் பிறக்கும் தற்போக்கு எண் ஒன்றும் உண்டு. இவற்றையும் ஒப்பிட்டால் ஒவ்வொரு நாளும் எச்சரிக்கை எழும். நாள்தோறும் ஒலிக்கும் மணியை எவரும் செவிமடுப்பதில்லை.

பெருநகரத் தரவு மையத்துக்கென வகுத்த பட்டியலை அப்படியே மேற்கொள்வதும் பொருந்தாது. மலைப்பகுதியில் இடியும் காற்றும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்துகின்றன. ஆகவே, அங்கு முதலில் நோக்கத் தக்கது, எழுதிய தரவு நினைவகத்தில் எத்தனை நேரம் தங்கிப் பின் வட்டிற்குச் செல்லும் என்னும் அமைப்பேயாகும். லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 30 வினாடி. நிரல் தானே வற்புறுத்தி வட்டில் எழுதச் செய்தாலன்றி, மின்சாரம் நிற்கும்போது அந்த அரை நிமிட உழைப்பு அழியக்கூடும். மடிக்கணிப்பொறியில் மின்கலச் செலவைக் குறைக்க இக்காலத்தைப் பத்து நிமிடம் வரை நீட்டுவதுண்டு. அவ்வழக்கம் சர்வரில் புகுந்தால், செய்முறைத் தேர்வெழுதும் மாணவரின் விடையே மறையக்கூடும்.

இரண்டாவது, கெர்னல் மீளாத பிழைக்கு உள்ளாகும்போது செய்வதைக் கூறும் அமைப்பு. அதன் மதிப்பு 0 எனில், ஒருவர் வந்து மீண்டும் இயக்கும் வரை கணிப்பொறி அசைவற்று நிற்கும். 10 எனில், பத்து வினாடியில் தானே மீண்டும் தொடங்கும். ஊழியர் மலையேறி வர ஒரு நாள் ஆகும் இடத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. மூன்றாவது, ஒரு வலையமைப்பின் செய்தியை மற்றொன்றிற்குக் கடத்தும் அனுமதி. கன்டெய்னர் மென்பொருள்களுள் சில, ஆசிரியர் அறியாமலேயே இதனை 0 இலிருந்து 1 ஆக்கிவிடும். மாணவர் வலையும் அலுவலக வலையும் தனித்தனியே இருக்க வேண்டிய பள்ளியில் இது கவனிக்கத் தக்கது.

இம்மூன்றிலிருந்தும் ஒரு விதி பெறப்படும். மாறினால் அவ்விடத்தில் இன்ன கேடு விளையும் என்று ஒரே வாக்கியத்தில் கூற இயலுமா? மாற்றம் பிறர் கண்ணுக்குப் புலப்படாததா? அதனைத் திருத்த அங்கே ஒருவர் உண்டா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வருவதையே கண்காணித்தல் வேண்டும். அவ்வாறு தேர்ந்தால் பட்டியல் ஒரு தாளில் அடங்கிவிடும்.

கண்காணிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் செய்த மாற்றம் உடனே செயற்படும். ஆனால் அமைப்புக் கோப்பில் எழுதாவிடில், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். நேற்றுச் செவ்வனே இயங்கிய சர்வர், மின்வெட்டுக்குப் பின் வேறாக நடப்பதற்கு இது ஒரு காரணம். எனவே, நடப்பு மதிப்பு, கோப்பிலுள்ள மதிப்பு ஆகிய இரண்டையும் தாளிலுள்ள மதிப்போடு ஒப்பிடுதல் வேண்டும்.

அத்தாளில் எண்ணோடு காரணத்தையும் தமிழில் எழுதி வைத்தல் நலம். பொறுப்பாசிரியர் மாற்றலாகிச் செல்வார். சர்வர் அங்கேயே இருக்கும். காரணம் அறியாத எண்ணை அடுத்து வருபவர் மாற்றத் தயங்குவார், அல்லது தயங்காமல் மாற்றிவிடுவார், இரண்டும் தீங்கே. மேலிடத்திலிருந்து பட்டியல் வருமெனக் காத்திராமல், தம் பள்ளியின் மின்சாரத்தையும் மழையையும் அறிந்த ஆசிரியரே இதனை வகுப்பது தகும்.