முதுகில் அப்பா பெயர்

ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரர்களோடு ரசிகர்களும் ஆடும் முகாம். 1983இல் சிக்காகோ கப்ஸ் முன்னாள் கேட்சர் ராண்டி ஹண்ட்லி தொடங்கியது போன்றது. அரிசோனாவில் ஒருநாள் நானும் ஆடினேன். காசு கட்டினால் பெயர் போட்ட சட்டை. அமெரிக்கர்கள் கடைசிப் பெயரைத்தான் போடுவார்கள். நமக்கு அது அப்பா பெயராயிற்றே! “விளையாட்டு சோறு போடுமா?” என்று என் மட்டையை ஒளித்துவைத்த மனிதர்.

18.44 மீட்டர் தள்ளி நின்ற எழுபது வயதுக்காரர் எனக்காக மெதுவாகத்தான் வீசினார். இரண்டு பந்துகளுக்குக் காற்றை அடித்தேன். மூன்றாவது பட்டு உருண்டது. முதல் பேஸ் 27 மீட்டர்தான். பாதியிலேயே தொடை சுண்டி இழுத்தது. நொண்டியபடி போய்ச் சேர்ந்தேன். “சேஃப்!” என்றார் நடுவர்.

சட்டையைத் துவைக்காமல் கொண்டுவந்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.