உலோகம் ஏற்றிய கிராஃபீன்: பங்கு பிரித்துக் காட்டாத முடிவுகளை ஏற்க வேண்டாம்

கிராஃபீனில் வெள்ளி, தங்கம், பல்லேடியம் முதலிய உலோகங்களின் நானோ துகள்களை ஏற்றி மின்னணுக் கருவிகளுக்குப் பயன்படுத்தும் ஆய்வை எங்கள் அமைப்பு முழு மனத்தோடு ஆதரிக்கிறது. ஆனால் மின்கடத்தலில் உலோகத்தின் பங்கு எவ்வளவு, கிராஃபீனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத எந்த முடிவையும் கிராஃபீனின் சாதனையாக ஏற்கக் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த தூய கிராஃபீன் படலம் வேறு. பெரும்பாலான ஆய்வகங்களில் கிராஃபீன் என்ற பெயரில் புழங்கும் கறுப்புத் தூள் வேறு. தூளுக்கு மூலம், கிராஃபைட்டைக் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஆக்சிஜனேற்றும் 1958ஆம் ஆண்டின் ஹம்மர்ஸ் முறை. அதில் கிடைக்கும் கிராஃபீன் ஆக்சைடு மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது. ஆக்சிஜனை நீக்கினாலும் படலத்தில் ஓட்டைகள் எஞ்சும். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு மின்னோட்டம் தாவும் இடத்தில் தடை மிகும். அந்த இடத்தில் பாலம் போடத்தான் உலோகத் துகள். பல்லேடியம் ஹைட்ரஜனை உறிஞ்சும்போது மின்தடை மாறுவதால், வாயுக் கசிவை அறியும் உணரியும் செய்ய முடிகிறது. இவை உண்மையான பயன்கள்.

சிக்கல் சோதனை மேசையில் தொடங்குகிறது. பழுப்பு நிறக் கிராஃபீன் ஆக்சைடு கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து, சோடியம் போரோஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் கறுக்கிறது. அதைப் பிளாஸ்டிக் தாளில் பூசி, உலர்த்திச் சூடாக்கினால் மின்தடை மளமளவென்று இறங்கும். உடனே பாராட்டு கிராஃபீனுக்குப் போய்விடுகிறது. வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அதன் நானோ துகள்களோ 200 டிகிரிக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகிவிடும். அந்தச் சங்கிலி மட்டுமே மின்சாரத்தைக் கடத்தியிருக்கலாம். அதே எடை வெள்ளியைத் தனியாகப் பூசி, அதே சூட்டில் வைத்து அளந்து பார்க்காதவரை, அளவி காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை.

இது வீண் சந்தேகம் அல்ல. ‘உலோகமற்றது’ என்று பெயர்பெற்ற கிராஃபீன் வினையூக்கிகளில் உண்மையில் வேலை செய்தது பெர்மாங்கனேட் விட்டுச்சென்ற மாங்கனீசு எச்சமே என்று 2013இல் வேதியியலாளர் மார்ட்டின் புமேராவின் குழு காட்டியது. 2018இல் 60 நிறுவனங்களின் கிராஃபீன் தூள்களைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை.

ஆகவே ஆய்விதழ்களையும், நிதி வழங்கும் அமைப்புகளையும், முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திருத்துவோரையும் கேட்டுக்கொள்கிறோம்: உலோகம் மட்டும், கிராஃபீன் மட்டும், இரண்டும் சேர்ந்தது என மூன்று பூச்சுகளின் அளவீடும் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். உலோகத்தின் எடை விகிதத்தையும், பலமுறை மடக்கிய பிறகுள்ள மின்தடையையும், மூலத்தூளின் தரத்தைக் காட்டும் ராமன் நிறமாலையையும் கேட்டு வாங்குங்கள். வெள்ளி அயனி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஆகவே தூளைக் கழுவிய, வெள்ளி கலந்த நீரை என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள்.