கேட்கிற விதத்தில் கேட்டால்...

சென்ற வாரம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அக்கா, "நல்ல சமயத்தில் வந்தாய்! சாயங்காலம் மகளிர் குழுக் கூட்டம். நாற்பது ரசீது அச்சாக வேண்டும். அச்சு யந்திரமோ அசைய மாட்டேன் என்கிறது" என்றாள்.

வீட்டில் இருந்தது பெரியவனுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச மடிக்கணினி. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்தது. அதில் 'பாஸ் லினக்ஸ்' இருந்தது.

"என்னடா செய்தாய்?" என்று சின்னவனைக் கேட்டேன்.

"இடத்தை அடைக்கிறதே என்று இரண்டு மூன்று கோப்புகளை அழித்தேன், சித்தி. அச்சு மென்பொருளை மறுபடியும் நிறுவிப் பார்த்துவிட்டேன். பலனில்லை!"

விஷயம் புரிந்தது. காலையில் எழுந்ததும் வாசல் தெளி, பால் வாங்கு, அடுப்பு மூட்டு என்று நமக்கு ஒரு வரிசை உண்டல்லவா? லினக்ஸ் யந்திரத்துக்கும் அப்படித்தான். பழைய பதிப்புகளில் 'எடிசி' என்ற அடுக்கில், 'இனிட்.டி' என்ற அறையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு இருக்கும். அச்சு வேலைக்கான சீட்டை நம் பிள்ளையாண்டான் கிழித்துப் போட்டிருக்கிறான்!

சரி, மறுபடி நிறுவியும் அது ஏன் வரவில்லை? 'பாஸ்' என்பது 'டெபியன்' குடும்பத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் ஒரு மரியாதை உண்டு. எடிசியில் உள்ள அமைப்புக் கோப்புகள் வீட்டுக்காரரின் சொத்து. அவர் ஒன்றை அழித்தால், வேண்டுமென்றே அழித்தார் என்று எண்ணி, திரும்ப வைக்காது. நாம் பரணில் போட்ட பாத்திரத்தை நல்ல வேலைக்காரி தானாக இறக்கி வைப்பாளா?

அதனால் வாய் திறந்து கேட்க வேண்டும். நிறுவும்போது 'ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' என்ற சொல்லையும் சேர்த்தோம். சீட்டு வந்தது, யந்திரம் கடகடவென்று ஓடியது.

2015-ல் வந்த எட்டாம் டெபியன் முதல் 'சிஸ்டம்டி' என்பதே வழக்கமான ஏற்பாடு. அதில் மூலச் சீட்டுகள் வேறு அடுக்கில் இருப்பதால், மறுபடி நிறுவினால் தாமே வந்துவிடும். ஆனால் எந்த ஏற்பாட்டிலும், நாமே கைப்பட எழுதிச் சேர்த்தது மட்டும் வராது.

எங்கள் சிதம்பரத்துக் கதை நினைவுக்கு வந்தது. தேவார ஏடுகள் கோயில் அறையில் பூட்டிக் கிடந்தனவாம். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். அரசன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்தானாம், கதவு திறந்தது. ஆனால் செல் அரித்தது போனதுதான், பிரதி இல்லையே!

ரசீதுகளை அடுக்கிக்கொண்டே அக்கா சொன்னாள்: "டேய், முதலில் அந்த எடிசி அடுக்கைப் பென் டிரைவில் நகல் எடு. அப்புறம்தான் உனக்குக் காப்பி!"